காற்று மோட்டார் ரூமும் கைப்பிடிச் சாம்பலும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். உன் காற்று மோட்டாரும் சுகம். காலையில் பால் வாங்கப் போகும்போது அந்த ரூமின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, காற்று அளவு காட்டும் மீட்டரில் நீ சிவப்பு மையால் கோடு போட்டுவைத்த இடத்தில் முள் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறேன். முள் நின்றால் எனக்கு அன்றைக்குக் காப்பி ருசிக்கும். பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது என்று நீ எழுதியதைக் காலனியில் ஒரு வீடு விடாமல் சொல்லியாகிவிட்டது. கீழ்ப் பல்லா, மேல் பல்லா என்று கேட்கிறார்கள். உனக்கு அதெல்லாம் எழுதத் தோன்றாது. மருமகளைக் கேட்டு எழுது.

உன் கடிதத்தின் கடைசியில் இடுக்கிக்கொண்டு ஒரு வரி எழுதியிருந்தாய். "இங்கே ஊரும் புதிது, பாஷையும் புதிது. இவ்வளவு பெரிய குடியிருப்புக்கு என்னால் செய்ய முடியுமா என்று பயமாக இருக்கிறது அம்மா." அதைப் படித்துவிட்டு உன் அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கடிதத்தை என்னிடம் நீட்டினார். நான்தான் பதில் எழுதுகிறேன் என்று காகிதத்தை எடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் இஞ்சினியருக்குக் குழாயைப் பற்றிப் புத்தி சொல்ல முடியாது. ஆனால் இந்த ஊரில் நீ அந்தக் குழாயைப் போட்ட கதையை முதலிலிருந்து கடைசி வரைக்கும் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். செய்துகொண்டிருந்த உனக்கு அதெல்லாம் பாதிதான் தெரிந்திருக்கும். அதோடு உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கிறது. நேரில் சொன்னால், "என்னம்மா இது" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவாய். காகிதத்தை விட்டு எழுந்து போக முடியாதல்லவா?

திண்டுக்கல் டவுனில் நாம் இருந்த வீட்டுக்குப் பின்னால் ஓடிய சந்து உனக்கு நினைவிருக்கும். ஆள் ஒருவர் பக்கவாட்டில்தான் நடக்கலாம். ஒவ்வொரு வீட்டின் பின்சுவரிலும் கீழே ஒரு தகரக் கதவு. எடுப்புக் கக்கூஸ்தான் அன்றைக்கு எல்லா வீட்டிலும். விடிந்ததும் அங்கம்மாள் வந்து அந்தத் தகரத்தைத் தூக்கி, உள்ளே இருப்பதை வழித்து, கூடையில் போட்டுத் தலையில் தூக்கிக்கொண்டு போவாள். அவள் வயது என் வயதுதான். மழைக்காலத்தில் கூடையின் ஓட்டை வழியாக அவள் முகத்தில் வழிந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பு வேலைக்குப் போய்விடுவோம். சந்து என்றால் அப்படித்தான் இருக்கும் என்றுதான் எங்களுக்குத் தெரியும்.

நீ காலேஜில் இருந்து லீவுக்கு வந்திருந்தாய். பின்கட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தவன், சந்தில் நின்ற அங்கம்மாளிடம் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாய்.

"ஏக்கா, ஊருக்கெல்லாம் நீங்க எடுக்குறீக. உங்க வீட்டுல யாரு எடுப்பா?"

அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "கேட்டுச்சு பாரு தம்பி கேள்வி! எங்களுக்கு ஏதுய்யா வீட்டுல கக்கூசு? ஓடக்கர முள்ளுக்காடுதேன். பொழுது சாயுந்தண்டியும் வயித்தப் புடிச்சுக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதேன்."

நீ வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே வந்தாய். அன்றைக்கு இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாய். பரீட்சைக் கவலை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு நீ படித்து முடித்து வேலைக்கு வந்தாய். அப்பா பிட்டராக இருந்த மில்லில், வேடசந்தூர் ரோட்டில் தொழிலாளிகளுக்குக் காலனி கட்டப்போகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. கட்டட வேலையைப் பார்க்க உன்னை எடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நமக்கும் அதில் ஒரு வீடு. ஆனால் ஒரு சாயங்காலம் அப்பா வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "கீழ பூராப் பாறையாம் புள்ள. கடப்பாற எறங்க மாட்டேங்குது. சாக்கடைக் குழாய்க்கு ஆழமாத் தோண்டணும்னா வெடி வச்சுக்கிட்டே போகணுமாம். கெணத்துலயும் தண்ணி கம்மி. அதனால மேனேஜரு எடுப்புக் கக்கூசே கட்டிரலாம்னுட்டாரு. டவுனுலருந்து அங்கம்மாளயே வரச்சொல்லிரலாம், நல்லாச் செய்வான்னு நாந்தேன் சொன்னேன்."

நீ தட்டில் கை கழுவிவிட்டு எழுந்தாய். "அப்பா, அது மட்டும் வேணாம்" என்றாய். அதற்குப் பிறகு பல நாள் வேலை முடிந்து வந்ததும் புத்தகமும் கையுமாக உட்கார்ந்தாய்.

எங்கேயோ வெளிநாட்டுப் புத்தகத்தில் படித்ததாகச் சொல்லிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வந்து நின்றாய். கையில் ஒரு இளநீர், இன்னொரு கையில் பப்பாளிக் காம்பு. அப்பாவை உட்காரவைத்து, காம்பால் உறிஞ்சிக் குடிக்கச் சொன்னாய். குடித்தார். பிறகு காம்பின் நடுவில் ஊசியால் ஒரு ஓட்டை போட்டு, இப்போது குடியுங்கள் என்றாய். கன்னம் ஒட்ட ஒட்ட உறிஞ்சியும் காற்றுத்தான் வந்தது. "ஏலே, அப்பனுக்கு எளநி குடுக்குற லச்சணமா இது?" என்று அவர் கத்தினார். நீ சிரித்துக்கொண்டே, நடுவில் காற்று புகுந்தால் இழுப்பு போய்விடும் என்று விளக்கினாய். ஒரு பெரிய இரும்புத் தொட்டி. அதிலிருக்கிற காற்றை ஒரு மோட்டார் வெளியே இழுத்துவிடும். தொட்டியிலிருந்து வீட்டுக்கு வீடு குழாய். வீட்டுக்கு வெளியே கழிவெல்லாம் வந்து விழ ஒரு குழி, அதற்குள் ஒரு வால்வு. குழி நிறைந்ததும் வால்வு திறக்கும், வெளிக்காற்று பாய்ந்து உள்ளே இருப்பதையெல்லாம் அடித்துக்கொண்டு தொட்டிக்குப் போய்விடும். பிறகு வால்வு மூடிக்கொள்ளும். இழுப்பது காற்று என்பதால் தண்ணீர் கொஞ்சம் போதும். பள்ளம் ஆழமாக வேண்டியதில்லை, முழங்கால் ஆழம் போதும், பாறையை உடைக்க வேண்டாம். தொட்டியில் சேர்ந்ததை இன்னொரு மோட்டார் தள்ளி, தூரத்தில் தோண்டிய குட்டைக்கு அனுப்பிவிடும். மனுஷர் கை எங்கேயும் படாது. அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது உன் குரல் மாறியது. அப்போதுதான் எனக்கு அந்தப் பாதி இட்லி ஞாபகம் வந்தது.

மேனேஜர் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். தன்மையான மனுஷர், ஆனால் எதையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். மேடு பள்ளம் அளந்து பார்த்ததில், எல்லாக் குழாயும் வந்து சேரத் தோதான பள்ளம் அவர் பங்களாவுக்குப் பின்னால்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்லப் போன அன்று அப்பாவும் கூட வந்திருந்தார். வந்து எனக்கு நடித்தே காட்டினார்.

"ஏனுங்க தம்பி, காலனி நாத்தத்தையெல்லாம் எம்பட வீட்டுக்குப் பின்னால கொண்டாந்து வெக்கறேன்னு எங்கிட்டயே வந்து சொல்றீங்களே, நல்லாருக்குங்களா?"

"குழாய்ல ஓட்ட விழுந்தாலும் வெளிக்காத்து உள்ளதாங்க சார் போகும். உள்காத்து வெளிய வராது. மோட்டார் விடுற காத்துக்குப் புகைபோக்கி மாதிரி உசரமாக் குழாய் வச்சிருக்கேன்."

"வந்துச்சுன்னா?"

"வந்துச்சுன்னா நீங்க சொல்ற மாதிரியே எடுப்புக் கக்கூஸ் கட்டிரலாம்ங்க."

மேனேஜர் பிடித்துக்கொண்டார். முதல் வரிசை வீடுகளுக்கு மட்டும் செய்து பார். பொங்கல் தாண்டியும் ஒழுங்காக ஓடினால் மற்ற வரிசைக்கும் இதுவே. ஓடவில்லையென்றால் பின்சுவரெல்லாம் இடித்துத் தகரக் கதவு வைத்துவிட வேண்டியதுதான். அதற்குத் தோதாக எல்லா வரிசைக்கும் பின்னால் ஒரு சந்தும் விட்டே வைத்தார். அந்தச் சந்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டவுன் வீட்டுத் தகரக் கதவுதான் ஞாபகம் வரும்.

அப்புறம் நம் வீடு வீடாக இல்லை. தரை முழுக்க நீ படம் போட்ட காகிதம், நாலு மூலைக்கும் பாரம். அம்மிக் குழவியைக் காணோம் என்று தேடினால் அது காகிதத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். நான் கூட்டவும் முடியாது, மெழுகவும் முடியாது. குழாயை ஏன் நேராக வரையாமல் கருக்கரிவாள் பல் மாதிரி ஏற்றி இறக்கி வரைகிறாய் என்று கேட்டேன். வழியில் நின்றுபோகும் தண்ணீர் ஒவ்வொரு பள்ளத்திலும் கூடும், அடுத்த காற்று வந்து அதைத் தூக்கி அடுத்த பல்லுக்குப் போடும் என்றாய். மில்லில் கழித்துப்போட்ட பழைய பாய்லர் உனக்குத் தொட்டியாக வந்தது. வால்வுகளை அப்பா மில் பட்டறையில் கடைந்து கொடுத்தார். வால்வு கசியாமல் அடைக்கும் வாசருக்குத் தோல் வேண்டும் என்று பேகம்பூரில் தோல் கிடங்கு வைத்திருந்த பாயிடம் நீ போனபோது அவர் தோலை வெட்டி எண்ணெயில் ஊறப்போட்டுக் கொடுத்துவிட்டு, "கெணத்து மோட்டாருக்குக் குடுத்திருக்கேன், எண்ணெ ஆட்டுற செக்குக்குக் குடுத்திருக்கேன். கக்கூசுக்கு இன்னைக்குத்தான் தம்பி குடுக்குறேன். அல்லா காப்பாத்தட்டும்" என்றாராம்.

முதல் வரிசையில் நாமும் மற்றவர்களும் குடியேறி, மோட்டார் ஓடிய முதல் நாள் வரிசையே குழி மூடிகளைச் சுற்றி நின்றது. குழி நிறைந்ததும் "ஹப்" என்று ஒரு சத்தம், வயிறு நிறையக் குடித்தவன் மூச்சு விட்ட மாதிரி. அவ்வளவுதான், குழி காலி. பக்கத்து வீட்டுச் செல்லம்மா மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உன்னை நான் பெற்றேன் என்பதை அன்றைக்கு எல்லோரும் பார்க்கும்படி நின்றேன் என்று அப்பா இன்றைக்கும் கேலி செய்வார். நின்றேன்தான். அதிலென்ன?

மார்கழி பிறந்து கொஞ்ச நாளில் வந்தது வினை. விடிந்தும் விடியாமலும் மோட்டார் நிற்காமல் ஓடுகிறது, சூடேறிப் புகைகிற வாடை. முள் கீழே தொங்கிக் கிடந்தது. குழிகள் நிறைந்து மூடி வழியாக வழிய ஆரம்பித்தன. ஆளாளுக்கு வாசலில் நின்று கூச்சல். "காத்து வந்து அள்ளும் அள்ளும்னு சொன்னாகளே, காத்துக்கு இன்னைக்கு லீவா?" என்று எவனோ கத்தினான். மேனேஜர் வந்து பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டார், "பொங்கல் வரைக்கும்தான் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

நீ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு குழிமூடியிலும் காதை வைத்துப் படுத்தாய். எந்த வால்வு மூடாமல் காற்றை விழுங்கிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தாய். முதலில் சிக்கியது நம் வீட்டு வால்வுதான்! கழற்றி எடுத்தால் அதன் வாயில் தேங்காய் நாரும் சாம்பலும் உருண்டு களிமண் மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. செல்லம்மா மதினி வீட்டிலும் அதுதான். வரிசை முழுக்க அதுதான். பாத்திரம் துலக்குகிற கல்லில் இருந்து தண்ணீரோடு ஓடிவந்த சாம்பலும் நாரும்.

நீ அந்த உருண்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு சிரித்துவிட்டாய். "அம்மா, அந்தப் புத்தகத்து ஊருல சோப்புப் போட்டுக் கழுவுறாங்கம்மா."

"நாங்க என்னத்தடா கண்டோம் சோப்ப? மீன் சட்டிக்குச் சாம்பல் போடாம வேற எத போடுறது?"

அப்பாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "காத்த புடிச்சு வேல வாங்கத் தெரிஞ்சவனுக்கு, ஆத்தா சட்டி வெளக்குறது கண்ணுல படல. நெதம் அடுப்புச் சாம்பல அள்ளிக் குடுத்ததே இவந்தேன்!"

அந்த இடத்தில்தான் நான் உன்னைப் பார்த்தேன் மகனே. மத்தியானம் மேனேஜர் உன்னைக் கூப்பிட்டு, நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "காரணம் தெரிஞ்சு போச்சுங்களே தம்பி. இனிமேல் எந்தப் பொம்பளையும் சாம்பல் போட்டுத் துலக்கக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டிப்போடலாம். மீறுனா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிப்போடலாம்." உனக்கு அது சுலபமான வழி. உன் பெயர் கெடாது. தப்பெல்லாம் எங்கள் பேரில் போய்விடும். நானும் செல்லம்மா மதினியும் துலக்குக் கல்லருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். வாயைத் திறக்க முடியுமா, மில் வீடல்லவா?

நீ சொன்னாய்: "இல்லைங்க சார். அவுங்க எப்பவும் துலக்குற மாதிரிதான் துலக்குறாங்க. நான்தான் அதப் பாக்காம படம் போட்டுட்டேன். தப்பு படத்துல. பொங்கலுக்குள்ள திருத்திர்றேன்."

செல்லம்மா மதினி என் கையைப் பிடித்து அமுக்கினாள். "ஒம் மகன் நல்லா இருப்பான்டி" என்றாள். நீ சொன்ன அந்த ஒரு வார்த்தை இருக்கிறதே, அதற்குத்தான் இந்த நன்றி. படித்தவர்கள் எங்களைப் பார்த்து, நீங்கள் நடக்கிறது சரியில்லை, இருக்கிறது சரியில்லை என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். எங்கள் கைப்பிடிச் சாம்பலுக்கும் தன் படத்தில் ஒரு இடம் வைக்கிறேன் என்று ஒருவன் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். அவன் என் வயிற்றில் பிறந்தவன்.

அடுத்த நாளே துலக்குக் கல்லின் வாயில் ஒரு சின்னத் தொட்டி கட்ட ஆரம்பித்தாய். அதில் சாம்பல் அடியில் படியும், நார் கம்பி வலையில் நிற்கும், தெளிந்த தண்ணீர் மட்டும் குழிக்குப் போகும். படம் போடும் முன் இந்த முறை நீ ஒவ்வொரு வீட்டிலும் பாத்திரம் துலக்கும் நேரத்தில் போய் உட்கார்ந்தாய். "எம்புட்டுச் சாம்பல் எடுப்பீக மதினி? ஒரு கையா, ரெண்டு கையா?" என்று கேட்டாய். "கொழுந்தனாரே, கறிச் சட்டின்னா ரெண்டு கை, ரசச் சட்டின்னா அரைக் கை. நீங்களே ஒரு சட்டி வெளக்கிப் பாருங்களேன்" என்று செல்லம்மா மதினியின் மருமகள் நாரை உன் கையில் கொடுத்தாள். நீ உட்கார்ந்து துலக்கினாய். வரிசையே சிரித்தது. தொட்டியில் படிகிற சாம்பலை அள்ளி வாழைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆனதும், சாம்பலுக்கு வீட்டுக்கு வீடு சண்டை வராத குறை.

பொங்கலன்று ஒன்றும் ஆகவில்லை. எனக்குப் பயமெல்லாம் மறுநாளைப் பற்றித்தான். விறகடுப்பில் பொங்கி, புகை ஏறிக் கரிக்கட்டையாகக் கிடக்கும் பானை சட்டிகளை அன்றைக்குத்தான் எல்லா வீட்டிலும் ஒரே மூச்சில் துலக்குவோம். வருஷத்திலேயே அதிகச் சாம்பல் செலவாகிற நாள். மேனேஜருக்கும் அது தெரிந்திருக்கிறது. காப்பி டம்ளரோடு காற்று மோட்டார் ரூமில் முள்ளுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நீ பக்கத்தில் நின்றாய். எங்கள் வரிசையில் அத்தனை பேரும் கல்லடியில் உட்கார்ந்து கை வலிக்கத் தேய்த்தோம். ஒருத்தியும் கொஞ்சமும் குறைத்துப் போடவில்லை. குறைத்துப் போட்டுக் காப்பாற்றினால் அது உன் வேலைக்கு மரியாதை இல்லை என்று செல்லம்மா மதினி சொல்லிவிட்டாள். ஒவ்வொரு குழியும் "ஹப்" என்றது, "ஹப்" என்றது. முள் கொஞ்சம் இறங்கும், மோட்டார் ஓடும், கோட்டுக்கு வந்து நின்றுகொள்ளும். பானையெல்லாம் வெயிலில் கவிழ்த்தாகிவிட்ட பிறகு மேனேஜர் எழுந்து வெளியே வந்தார்.

"ஏனுங்க தம்பி, மத்த வரிசைக்கும் குழாய் வாங்கச் சொல்லிப்போடுங்க" என்றார். பின்சந்தைக் காட்டி, "அதுல முருங்கை வெச்சுப்போடலாமுங்களா?" என்று கேட்டார்.

நீ சந்தோஷப்பட்டது ஒரு நாள்தான். காலனியில் வேலை இருக்கிறது என்று யார் சொல்லியோ அங்கம்மாள் டவுனிலிருந்து வந்து நின்றாள். இங்கே அந்த வேலையே இல்லை என்று தெரிந்ததும் உன்னைப் பார்த்து, "எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே தம்பி" என்றாள். உன் முகம் செத்துப்போனது. அவளை உட்காரச் சொல்லிவிட்டு நீ மேனேஜரிடம் போனாய். மில்லில் கழிவுப் பஞ்சு பிரிக்கிற இடத்தில் அவளுக்கு வேலை, எல்லோருக்கும் போல ஒரு வீடு என்று கேட்டு வாங்கி வந்தாய். வரிசையில் சிலர் முணுமுணுத்தார்கள். அதைப் பற்றி அப்பா அவர்களிடம் என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்லவில்லை, ஆனால் அதோடு முணுமுணுப்பு நின்றது. அவள் குடி வந்த அன்று நான் ஒரு கொட்டாங்கச்சியில் சாம்பலும் நாரும் எடுத்துக்கொண்டு போனேன். அவள் போட்ட காப்பியை அவள் வீட்டு டம்ளரில் குடித்தேன். டவுனில் பின்வாசலோடு நின்ற பழக்கம் எங்களுக்கு அங்கே முடிந்தது.

அதனால் பயப்படாதே அப்பு. பாஷை தெரியாவிட்டால் என்ன? படம் போடும் முன் அந்த ஊர்ப் பெண்கள் பாத்திரம் துலக்குகிற இடத்தில் போய் உட்கார். மண்ணில் துலக்குகிறார்களா, சாம்பலா, வேறெதுவுமா என்று உன் கண்ணுக்குத் தெரியும். நாரைக் கையில் கொடுத்தால் வாங்கித் துலக்கு. தப்பு வந்தால் முன்னைப் போலவே படத்தில் தேடு. மற்றதெல்லாம் உனக்குத் தெரியும்.

உனக்கு எழுதுகிறேன் என்று நேற்று அங்கம்மாளிடம் சொன்னேன். வேலை முடிந்து வந்து, தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லணுமா என்று கேட்டேன். அவள் வீட்டுக் குழி அப்போதுதான் "ஹப்" என்றது. அது அடங்கும் வரைக்கும் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குச் சந்துல வச்சுத் தம்பி ஒண்ணு கேட்டுச்சே, அதுக்கு நான் சிரிச்சுக்கிட்டே போயிட்டேன். இப்பப் பதில் எழுதிரு அக்கா" என்றாள். "எங்க வீட்டுல யாரும் எடுக்குறதில்லன்னு எழுது."

எழுதிவிட்டேன்.

உன் அம்மா